பின் ஆக்சிலுக்குள் எத்தனை பல்?

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலர் என்றால் கவிதை வரும், சிறுகதை வரும், துணுக்கு வரும். எனக்குக் கவிதை வராது. கையில் கிரீஸ் பட்டால்தான் ஏதாவது தோன்றும். அதனால் நம்ம டிபார்ட்மெண்டுக்குப் பொருத்தமான விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒரு வண்டியின் ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் விகிதத்தை, அதைப் பிரிக்காமலே கண்டுபிடிப்பது எப்படி? இதுதான் கட்டுரை.

"இதில் என்ன இருக்கு, புத்தகத்திலேயே போட்டிருக்கே" என்று நீங்கள் கேட்கலாம். புத்தகத்தில் ஃபார்முலா இருக்கிறது, உண்மைதான். பரீட்சையில் பினியனுக்கு இத்தனை பல், கிரவுனுக்கு இத்தனை பல் என்று கேள்வியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். நாம் வகுத்து விடையை எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். பட்டறையில் நிற்கும் வண்டி அப்படி எதையும் எடுத்துக் கொடுக்காது. எண்ணெயும் புழுதியும் அப்பிய ஓர் இரும்பு உருண்டைதான் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் இருக்கும் எண் தெரியாமல் உதிரிபாகம் வாங்கினால் ஆயிரக்கணக்கில் பணம் போகும். சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காயைக் கறிக்கு உதவுவதாக ஆக்க ஒரு சாக்பீஸும் கொஞ்சம் பொறுமையும் போதும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விகிதம் எதற்கு?

முதலாமாண்டுத் தம்பிகளுக்காகக் கொஞ்சம் அடிப்படையிலிருந்து சொல்கிறேன். ஜீப்பின் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர். இன்ஜினையும் சக்கரத்தையும் நடுவில் எதுவும் இல்லாமல் நேராகக் கோத்துவிட்டால் என்ன ஆகும்? 2,000 × 2.2 = 4,400 மீட்டர், அதுவும் ஒரே நிமிடத்தில். மணிக்கு 264 கி.மீ.! கணக்கில்தான் அது ஓடும். நிஜத்தில் அந்த இன்ஜினால் ஜீப்பை ஓர் அடிகூட நகர்த்த முடியாது. வேகம் இருக்கும், பலம் இருக்காது.

ஆகவே வேகத்தைக் குறைத்து, அந்த அளவுக்கு முறுக்கு விசையைக் கூட்ட வேண்டும். கியர் பாக்ஸ் ஒரு பங்கைச் செய்கிறது. கடைசிப் பங்கைச் செய்வது பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுனும் பினியனும். புரொப்பல்லர் ஷாஃப்டின் நுனியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது சுற்றிவிடும் பெரிய தட்டுப் பல்சக்கரம் கிரவுன். சைக்கிளில் பெரிய சக்கரம் ஓட்டும், பின்னால் இருக்கும் சின்னது ஓடும். இங்கே அதற்குத் தலைகீழ். சின்னது ஓட்டுகிறது, பெரியது மெதுவாக, பலத்தோடு ஓடுகிறது. அதோடு, நீளவாக்கில் வரும் சுழற்சியைச் சக்கரங்கள் இருக்கும் குறுக்குவாக்குக்குத் திருப்பி விடுவதும் இதே ஜோடிதான்.

கிரவுன் பற்களைப் பினியன் பற்களால் வகுத்தால் வருவதுதான் ஆக்சில் கியர் விகிதம். கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல் என்றால் 43 ÷ 8 = 5.375. அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் 5.375 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

விகித எண் பெரிதாக இருந்தால் இழுவை அதிகம், ஓட்டம் குறைவு. சின்னதாக இருந்தால் ஓட்டம் அதிகம், இழுவை குறைவு. உழவு மாட்டுக்கும் ரேக்ளா மாட்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரே ஜீப், இரண்டு விகிதம்

இதற்கு நல்ல உதாரணம் ஜீப்தான். இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் தயாரான வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் 39 பல் கிரவுன், 8 பல் பினியன். விகிதம் 4.875. போர் முடிகிற சமயத்தில், 1945-ல், அதே ஜீப்பைப் பொதுமக்களுக்காகச் சி.ஜே.-2ஏ என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். விவசாயி கலப்பை மாட்டி உழவேண்டும், டிரெய்லர் இழுக்கவேண்டும் என்பதை மனதில் வைத்து விற்ற வண்டி அது. ஆகவே விகிதத்தை 43/8, அதாவது 5.375 என்று கூட்டிவிட்டார்கள். வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும் வண்டிகள். வித்தியாசம் உள்ளே கிரவுனில் நான்கே நான்கு பல்.

நம் நாட்டில் மஹிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அதன் வழியில் வந்த ஜீப்புகள் இன்றும் நம் ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இத்தனை வருஷத்தில் ஒவ்வொரு வண்டியும் எத்தனை பட்டறை பார்த்திருக்கும்! எந்த வண்டியில் எந்த ஆக்சில் ஏறியிருக்கிறது என்பதை ஆர்.சி. புத்தகம் சொல்லாது. நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வழி: எழுத்தைப் பார்ப்பது

சில ஆக்சில்களில் மூடியின் போல்ட்டோடு சேர்த்து ஒரு சின்னத் தகடு மாட்டியிருப்பார்கள். அதில் விகிதமோ பல் எண்ணிக்கையோ அடித்திருக்கும். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்க்கலாம். ஆனால் முழுதாக நம்பவேண்டாம். உள்ளே செட்டை மாற்றியவர் தகட்டை மாற்றாமல் விட்டிருக்கலாம். தகடு பொய் சொல்லும், பல் பொய் சொல்லாது.

இரண்டாவது வழி: பல்லை எண்ணுவது

எண்ணெயை வடித்து மூடியைக் கழற்றினால் கிரவுன் தெரியும். முதல் பல்லில் சாக்பீஸால் குறி போட்டு ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். பெரும்பாலும் கிரவுன் மேலேயே பல் எண்ணிக்கை பொறித்திருக்கும். உதிரிபாகக் கடைகளில் விகிதத்தைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள், பல்லைச் சொல்லித்தான் கேட்பார்கள். லாரிக்கு வாங்க வருபவர் "ஆறு முப்பத்தேழு இருக்கா, ஏழு நாற்பத்தொண்ணு இருக்கா" என்பார். முதலாவது 37/6, அதாவது 6.167. இரண்டாவது 41/7, அதாவது 5.857.

இங்கே ஒரு கேள்வி வரும். ஏன் 43, 41, 37 என்று ஒட்டாத எண்களாக இருக்கின்றன? 40/8 என்று அழகாக ஐந்து வருகிற மாதிரி வைத்தால் என்ன? நானும் இதைக் கேட்டிருக்கிறேன். 40-ஐ 8 மீதியில்லாமல் வகுக்கும். அப்போது பினியனின் ஒரு பல், கிரவுனில் இருக்கும் அதே ஐந்து பற்களோடுதான் திரும்பத் திரும்ப மோதும். அந்தப் பல்லில் ஒரு சின்னப் பிசிறு இருந்தால் அந்த ஐந்தை மட்டும் தின்றுவிடும். 43-க்கும் 8-க்கும் பொது வகுஎண் கிடையாது. அதனால் ஒவ்வொரு பினியன் பல்லும் முறை வைத்து 43 பற்களையும் சந்திக்கும். தேய்மானம் எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்காகும். நாலாம் வகுப்பில் படித்த பொது வகுஎண் இவ்வளவு பெரிய வேலை செய்கிறது, பாருங்கள்!

மூன்றாவது வழி: சாக்பீஸ் முறை

மூடியைக் கழற்றாமல் செய்கிற இந்த வழியைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். தரையில் இருக்கும் மற்ற மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கட்டை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பழைய வில்லிஸ் ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஹேண்ட் பிரேக் போட்டால் ஷாஃப்ட் சுற்றாது, நம் சோதனையே நடக்காது. எடுத்துவிட்டால் வண்டியைப் பிடிக்க ஆளில்லை. கட்டைதான் பிடிக்கும். அடியில் படுக்கிறவர் நம்ம ஆள் என்பதை மறக்காதீர்கள்.

கியரை நியூட்ரலில் போடுங்கள். நான்கு சக்கர இழுவை வண்டியானால் முன் ஆக்சில் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். சக்கரத்துக்குக் குறி தனியாக வேண்டாம், டியூப் வால்வே போதும். வால்வை நேர் கீழே கொண்டுவந்து வையுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு நேராக ஒரு கம்பியை நிறுத்தினால் அதுதான் முள்.

தொடங்குமுன் சக்கரத்தைச் சுற்றப்போகும் பக்கமாகவே மெதுவாக நகர்த்தி, பற்களுக்கு இடையில் உள்ள ஆட்டத்தை எடுத்துவிடுங்கள். பிறகு ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, இன்னொருவர் ஷாஃப்டை எண்ண வேண்டும். நடுவில் பின்னுக்குச் சுற்றக்கூடாது.

இங்கேதான் டிஃபரன்ஷியல் குறுக்கே வருகிறது. கிரவுனுக்குள் இருக்கும் ஸ்டார் கியர்கள், வளைவில் ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் ஓட வழிசெய்கின்றன. இரண்டு சக்கரங்களின் சுற்றைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதுதான் கிரவுனின் சுற்று. ஒரு சக்கரம் தரையில் நிற்கிறது, அதன் சுற்று பூஜ்யம். ஆகவே தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். சக்கரத்தை ஒரே சுற்று சுற்றிவிட்டு, வந்த எண்தான் விகிதம் என்று எழுதினால் பாதிதான் கிடைக்கும்.

இரண்டு சக்கரத்தையும் தூக்கிவிட்டால் என்ன? இரண்டு பக்கமும் ஆள் நின்று ஒரே அளவாகச் சுற்றவேண்டும். ஒருவர் மட்டும் சுற்றினால் எதிர்ச் சக்கரம் தலைகீழாகச் சுற்றும், ஷாஃப்ட் சும்மா நிற்கும். அதனால் ஒன்றைத் தூக்குவதுதான் சுலபம்.

சக்கரத்தை எத்தனை சுற்று சுற்றுவது? இரண்டு சுற்றில் விடை வந்துவிடும், ஆனால் துல்லியம் போதாது. லாரியின் 6.167-ஐயும் 5.857-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே "ஆறு கிட்டே" என்றுதான் கண்ணுக்குத் தெரியும். அதையே இருபது சுற்று சுற்றுங்கள். கிரவுன் பத்து சுற்று சுற்றும். முதல் செட்டுக்கு ஷாஃப்ட் 61⅔ சுற்று வரும், இரண்டாவதுக்கு 58½-க்குக் கொஞ்சம் மேல். மூன்று சுற்று வித்தியாசம்! எண்ணத் தெரிந்த யாரும் தவறவிட மாட்டார்கள். ஜீப்புக்கு 43/8 என்றால் 53¾ வரும், 39/8 என்றால் 48¾ வரும். கால், அரை, முக்கால் பார்க்க அளவுகோல் தேவையில்லை. யு.ஜே. கிராஸுக்கு நான்கு கைகள் இருக்கின்றனவே, ஒவ்வொரு கையும் கால் சுற்று.

வந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் விகிதம். அதிலிருந்து பல் எண்ணிக்கைக்கும் போகலாம். விகிதத்தை 6, 7, 8, 9, 10, 11 என்று வரிசையாகப் பெருக்கிப் பாருங்கள். எதில் முழு எண் வருகிறதோ அதுதான் பினியனாக இருக்க வாய்ப்பு அதிகம். 5.375-ஐ ஆறால் பெருக்கினால் 32.25, ஏழால் பெருக்கினால் 37.625, எட்டால் பெருக்கினால் சரியாக 43. பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருக்கும் பல்லை எண்ணியாகிவிட்டது!

நான்காவது வழி: சாலையில் ஓட்டிப் பார்ப்பது

டாப் கியர் நேரடியாக இருக்கும் வண்டியில் இன்ஜினும் புரொப்பல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். அப்போது இன்ஜின் சுற்றைச் சக்கரச் சுற்றால் வகுத்தால் ஆக்சில் விகிதம் வந்துவிடும். இன்ஜின் சுற்றை டேக்கோமீட்டரில் பார்க்கலாம். சக்கரச் சுற்றளவை, டயரில் சாக்பீஸ் குறி போட்டு, சுமையோடு வண்டியைச் சிமெண்ட் தரையில் ஒரு சுற்று உருட்டி, டேப் வைத்து அளக்க வேண்டும். டயரில் போட்டிருக்கும் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் சரியாக வராது. சுமையில் டயர் கொஞ்சம் அமுங்கும்.

வேகத்தை எதில் பார்ப்பது? ஸ்பீடோமீட்டரில் பார்க்கவே கூடாது. பழைய ஜீப்பில் ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து கிளம்புகிறது. பின்னால் எந்த ஆக்சில் இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே சாலையோரக் கி.மீ. கல்லையும் கைக்கடிகாரத்தையும் நம்புங்கள். செல்போனில் வேகம் காட்டும் வசதி இருந்தால் அதையும் ஒப்பிடலாம். இன்ஜின் 2,000 சுற்றில், சுற்றளவு 2.2 மீட்டரில், 43/8 ஆக்சில் உள்ள ஜீப் மணிக்குச் சுமார் 49 கி.மீ. போகும். 39/8 என்றால் சுமார் 54. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு முதலாவது 73 வினாடி, இரண்டாவது 66 வினாடி. ஐந்து கல் பார்த்தால் அரை நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மீட்டர் சொல்லும் பொய்

இந்த ஸ்பீடோமீட்டர் விஷயத்தை இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 43/8 இருந்த வண்டியில் 39/8 ஆக்சிலைப் போட்டு, ஸ்பீடோமீட்டர் கியரை மாற்றாமல் விட்டால், மீட்டர் 50 காட்டும்போது வண்டி நிஜத்தில் 55-ல் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுநர் மெதுவாகத்தான் போகிறோம் என்று நினைப்பார். பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும்.

இதற்குத் தலைகீழாக 39/8-ஐ எடுத்துவிட்டு 43/8 போட்டால் வேறொரு கூத்து. 100 கி.மீ. ஓடினால் மீட்டர் 110 காட்டும். டீசல் லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று மீட்டரை வைத்துக் கணக்குப் போடுகிறவர், மைலேஜ் கூடிவிட்டது என்று சந்தோஷப்படுவார். உண்மையில் இன்ஜின் ஒவ்வொரு கி.மீ.க்கும் 227 சுற்று அதிகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்து மயிலாடுதுறைக்குச் சுமார் 30 கி.மீ. போனால் கிட்டத்தட்ட 6,800 சுற்று கூடுதல். அந்தக் கணக்கு மீட்டரில் வராது, டீசல் பில்லில்தான் வரும்.

முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கவேண்டும்

இதுவரை சொன்னது காசு விஷயம். நான்கு சக்கர இழுவை வண்டியில் இது ஆபத்து விஷயமும் கூட. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னுக்கு ஒரு ஷாஃப்டும் பின்னுக்கு ஒரு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் போகின்றன. முன் ஆக்சில் 43/8, பின் ஆக்சில் 39/8 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் 100 மீட்டர் போக நினைக்கும்போது பின்சக்கரம் 110 மீட்டர் போக நினைக்கும். வண்டி ஒன்றுதானே? மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும். தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கு ஷாஃப்டிலும் கியரிலும் ஏறிக்கொண்டே போகும். லீவர் இறுகிக்கொள்ளும், எடுக்க வராது. கடைசியில் எது பலவீனமோ அது உடையும்.

எங்கள் வீட்டில் இது வெறும் கணக்காக இல்லை. பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவரிடம் ஒரு பழைய நான்கு சக்கர இழுவை ஜீப் இருக்கிறது. மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே 1926-ல் வந்த மீட்டர்கேஜ் ரயில் 1986-ல் நின்றுபோனது. அதன்பிறகு எங்கள் ஊர் மீனுக்குச் சாலைதான் கதி. கரை மணலில் இறங்கி ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு விடியுமுன் சந்தைக்குப் போகவேண்டும். மணலுக்கு நான்கு சக்கரமும் இழுத்தாக வேண்டும், அடுத்த நிமிடமே தார்ச் சாலை.

சென்ற வருஷம் ஐப்பசி மழையில் பின் ஆக்சிலில் கிரவுன் பல் உடைந்துவிட்டது. வெளியூரில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் முழு ஆக்சில் ஒன்று பதினெட்டாயிரத்துக்கு இருந்தது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் எடுத்துக்கொண்டு போனோம்.

"ஜீப் ஆக்சில் எல்லாம் ஒண்ணுதான் அண்ணே, கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க" என்றார் அவர்.

அப்பா அந்த ஆக்சிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம், "தம்பி, பார்க்க நம்ம வண்டியோடது மாதிரிதான் இருக்கு. உள்ள எப்படின்னு நீதான் சொல்லணும்" என்றார்.

தனியாகக் கிடக்கும் ஆக்சிலில் சோதனை இன்னும் சுலபம். இரண்டு மரக்கட்டை மேல் தூக்கி வைத்தோம். ஒரு பக்கத்து டிரம்மை அப்பா அசையாமல் பிடித்துக்கொண்டார். நான் பினியன் பிளேஞ்சைச் சுற்றிக்கொண்டே எண்ணினேன். எதிர்ப் பக்கத்து டிரம் இருபது சுற்று முடிந்தபோது பிளேஞ்ச் 48¾ சுற்று வந்திருந்தது. விகிதம் 4.875. எங்கள் வண்டியின் முன் ஆக்சிலை அதற்கு முதல்நாளே ஜாக்கியில் தூக்கிப் பார்த்து வைத்திருந்தேன். அது 53¾.

"அப்பா, இது சேராது. மணல்ல ஓடும், ரோட்டுல உடைக்கும்" என்றேன்.

விற்பவருக்கு முகம் மாறிவிட்டது. "படிச்ச பசங்களைக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான்" என்றார். அப்பா பதில் பேசாமல் பணத்தை மடித்து மடியில் கட்டிக்கொண்டார்.

பொருத்தமான 43/8 செட் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் ஜீப் வாசலில் நின்றது. கையில் வருமானம் இல்லை, கடைக்காரரிடம் கடன் சொன்னோம். ஆனால் மாட்டிய ஆக்சில் இன்றுவரை சத்தமில்லாமல் ஓடுகிறது. மூன்று மாதத்தில் சங்கிலியை மீட்டுவிட்டோம். "ஆக்சில் சத்தம் எனக்குத் தெரியும், அதோட கணக்கு உனக்குத் தெரியுது" என்று அப்பா சொன்னது, பல்கலைக்கழகம் கொடுக்கும் மெடலைவிட எனக்குப் பெரிது.

வாங்கும்போது கவனிக்க இன்னும் ஒன்று. கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் தேய்த்துப் பொருத்தி அனுப்புகிறார்கள். ஒன்று போனால் ஒன்றை மட்டும் வாங்கிப் போடக்கூடாது. பல் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பல் ஒட்டாது, ஊளையிடும், சீக்கிரமே உடையும். செட்டாகத்தான் வாங்கவேண்டும்.

டிராக்டருக்கும் இதே கணக்கா?

டெல்டாக்காரர்கள் நாம், டிராக்டரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியுமா? டிராக்டரில் கிரவுன் பினியனுக்குப் பிறகும் ஒரு வேகக் குறைப்பு இருக்கும். சிலவற்றில் பெரிய புல் கியர், சிலவற்றில் கோள் கியர் அமைப்பு. ஆகவே சாக்பீஸ் முறையில் வருவது இரண்டையும் பெருக்கிய மொத்த விகிதம். கிரவுனில் மூன்று பங்கு, கடைசிக் குறைப்பில் ஐந்து பங்கு என்றால் மொத்தம் பதினைந்து பங்கு. டிஃபரன்ஷியல் லாக் பெடல் அழுந்தியிருந்தால் ஒரு சக்கரத்தை மட்டும் சுற்ற முடியாது, அதையும் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

நான்கு சக்கர டிராக்டரில் முன் டயர் சின்னது, பின் டயர் பெரியது. அதற்கேற்ப முன் ஆக்சில் விகிதத்தைக் கம்பெனியே கணக்குப் போட்டு, முன்சக்கரம் ஒரு மயிரிழை முந்தி ஓடுகிற மாதிரி வைத்திருக்கும். ஆகவே கிடைத்த அளவில் முன் டயரை மாற்றினால், ஆக்சிலைத் தொடாமலே விகிதத்தைக் கெடுத்த மாதிரி. நடவுக்கு முன் கேஜ் வீல் போட்டுச் சேறு கலக்கும்போது தெரியாது. வயலை விட்டு ரோட்டில் ஏறினால் தெரியும்.

"இதெல்லாம் பழைய வண்டிக் கதை, இனி மின்சார வண்டிதானே" என்று சிலர் சொல்லக்கூடும். மின்சாரக் காரிலும் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வேகக் குறைப்பு இருக்கிறது. 2010-ல் வந்த நிசான் லீஃப் காரில் அது சுமார் 7.94. கியர் பாக்ஸில் பல கியர்கள் இருந்த காலம் போய், ஒரே ஒரு விகிதமே எல்லா வேலையையும் பார்க்கிறது. அப்படியானால் அந்த ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது முன்பைவிட முக்கியம்தானே?

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் ஏதாவது ஒரு வண்டி இருக்கும். அப்பாவுடையது, மாமாவுடையது, இல்லையென்றால் பக்கத்து வீட்டு அண்ணனுடையது. இந்த விடுமுறையில் ஒரு வண்டிக்காவது சாக்பீஸ் போட்டுப் பாருங்கள். வந்த விகிதத்தை ஆக்சில் மேலேயே பெயிண்டால் எழுதி வையுங்கள். நம்ம ஒர்க்‌ஷாப்பிலும் ஒரு நோட்டுப் போட்டு, வருகிற வண்டிகளின் பல் கணக்கைக் குறித்து வைத்தால், பின்னால் வரும் தம்பிகளுக்கும் இந்தச் சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்கும் உதவும். சங்கத் தோழர்கள் இதை ஏற்றுச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சாக்பீஸ் ஒரு ரூபாய். எண்ணுவதற்கு அரை மணி நேரம்.